இடது தோள் தழும்பும் திருவள்ளூர் சோதனையும்

வாசகர்களே, உங்கள் சட்டையின் இடது கையைச் சற்றே மேலே சுருட்டிப் பாருங்கள். தோளுக்குக் கீழே மிளகளவில் சிறிது குழிந்த ஒரு தழும்பு தென்படுகிறதா? நம்மில் பெரும்பாலோருக்கு அது இருக்கும். காசநோயிலிருந்து காப்பதற்காகக் குழந்தைப் பருவத்தில் போடப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது.

சில மாதங்களுக்கு முன் வகுப்பில் கதிரியக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தபோது, புட்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து, பாடத்துக்குச் சிறிதும் தொடர்பில்லாத கேள்வி ஒன்றைக் கேட்டார். "சார், எங்கள் பாட்டி காலத்தில் ஊர் முழுவதையும் வரிசையில் நிறுத்தி மார்பைப் படம் எடுத்து, கையில் ஊசி போட்டார்களாம். கடைசியில் அந்த ஊசியால் பயனே இல்லை என்று கண்டுபிடித்தார்களாம். அப்படியானால் இன்றைக்கும் ஏன் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள்?"

பௌதிக ஆசிரியனாகிய எனக்கு அன்று ஒழுங்கான விடை சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. அம்பத்தூரிலிருந்து மேற்கே செல்லும் புறநகர் ரயிலில், ஆவடி, திருநின்றவூர், செவ்வாப்பேட்டை என்று நாம் தினமும் கடந்து போகும் இந்தப் பிரதேசம், உலக மருத்துவ நூல்களில் இடம் பெற்ற ஒரு பிரதேசம். மேலும், இது ஊசியின் கதை மட்டுமன்று. ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கப் பழகிய டாக்டர், ஓர் ஊரின் நாடியைப் பிடித்துப் பார்க்க எவ்வாறு கற்றுக் கொண்டார் என்பதன் கதையும் ஆகும்.

கதை பிரான்ஸ் தேசத்தில் தொடங்குகிறது. ஆல்பர்ட் கால்மெட் கடற்படை டாக்டராகப் பயிற்சி பெற்றவர். கீழ்த்திசை நாடுகளில் பணியாற்றி, 1891-ல் சைகோன் நகரில் பாஸ்டர் நிலையத்தை அமைத்தவர். நல்லபாம்பின் விஷத்துக்கு முறிவு மருந்து தேடியவர்களில் முன்னோடியும் அவரே. பின்னர் லீல் நகருக்குத் திரும்பியபோது அவருக்குத் துணையாக வாய்த்தவர் கமீல் கெரான் என்னும் கால்நடை மருத்துவர். மனித வைத்தியரும் மாட்டு வைத்தியரும் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்வது அக்காலத்தில் அவ்வளவு சாதாரணமன்று. ஆனால் அவர்கள் எடுத்துக் கொண்டது மாடுகளுக்குக் காசநோய் உண்டாக்கும் கிருமி. இருவரில் ஒருவர் இல்லாமல் மற்றவரால் எதுவும் செய்திருக்க இயலாது. உருளைக்கிழங்கு, கிளிசரின், மாட்டுப் பித்தநீர் ஆகியவற்றால் ஆன உணவில் அக்கிருமியை வளர்த்து, ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிய உணவுக்கு மாற்றிக் கொண்டே வந்தார்கள். 1908-ல் தொடங்கி 1921 வரை 13 ஆண்டுகள், சுமார் 230 முறை! இடையில் முதல் உலகப் போர் மூண்டு, லீல் நகரையே ஜெர்மானியர் பிடித்துக் கொண்டார்கள். அப்போதும் வேலை நிற்கவில்லை. முடிவில் கிருமி உயிரோடிருந்தது. நோய் உண்டாக்கும் வலிமை மட்டும் போயிருந்தது. பி.சி.ஜி. என்ற மூன்று எழுத்தில் நடுவிலும் கடைசியிலும் இருப்பவை இவ்விருவரின் பெயர்களே. முதல் எழுத்து 'பாசில்லஸ்' என்பதைக் குறிக்கும்.

1921-ல் பாரிசில் ஒரு குழந்தைக்கு அது முதன்முதலாக வாய்வழியே கொடுக்கப்பட்டது. குழந்தையின் தாய் காசநோயால் இறந்திருந்தாள். அதை வளர்க்கவிருந்த பாட்டிக்கும் அதே நோய். குழந்தை நலமாக இருந்தது. ஆனால் ஒரு குழந்தை பிழைத்ததை வைத்து மருந்தின் குணத்தைச் சொல்ல முடியுமா? மருந்து இல்லாமலும் அது பிழைத்திருக்கக் கூடுமே! கால்மெட் போன்ற மேதையும் இக்கேள்விக்குச் சரியான விடை தேடும் வழியை அறிந்திருக்கவில்லை. 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த கலப்படத்தால், நோய்க்கிருமி கலந்த மருந்தை உட்கொண்டு எழுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. குற்றம் பி.சி.ஜி.யினுடையதன்று என்று விசாரணையில் தெளிவாயிற்று. ஆயினும் கால்மெட் மனமுடைந்தவராகவே 1933-ல் காலமானார்.

சரியான வழியைக் காட்டியவர் டாக்டரே அல்லர் என்பதுதான் வேடிக்கை. ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் டாக்டராக வேண்டுமென்று ஆசைப்பட்டவர். முதல் உலகப் போரில் பணியாற்றச் சென்ற இடத்தில் அவருக்கே காசநோய் வந்துவிட்டது. மருத்துவப் படிப்பைக் கைவிட்டுப் படுக்கையில் கிடந்தபடி பொருளாதாரம் படித்தார். பிறகு புள்ளிவிவர நிபுணர் ஆனார். ஸ்டிரெப்டோமைசின் மருந்தைச் சோதிக்க பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் முனைந்தபோது, எந்த நோயாளிக்கு மருந்து, எவருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை டாக்டர் தீர்மானிக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத் தற்செயலே தீர்மானிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். முத்திரையிட்ட உறைகளுக்குள் விடை இருக்கும். நோயாளி சேர்ந்த பிறகே உறையைத் திறக்க வேண்டும். 1948-ல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதங்களில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள்.

இதில் டாக்டருக்கு உள்ள சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்தாறு ஆண்டுகள் மருத்துவக் கல்லூரியில் அவர் கற்றது என்ன? தம் முன் அமர்ந்திருக்கும் ஒருவருக்குத் தம் அறிவுக்கு எட்டியவரை மிகச் சிறந்ததைச் செய்ய வேண்டும் என்பதே. இப்போது ஒரு கணக்கர் வந்து, "உமது அறிவை ஒரு புறம் வையும், உறையைத் திறந்து பாரும்" என்கிறார். இதற்கு இசைவது எளிதன்று. தம் தீர்ப்பு தவறக்கூடும் என்பதை ஒப்புக் கொள்ளும் துணிவு இதற்கு வேண்டும். அந்தத் துணிவு வந்த நாளில்தான் வைத்தியர் ஆராய்ச்சியாளராகிறார் என்பது என் கருத்து.

அத்தகைய ஒருவர் 1956-ல் சென்னைக்கு வந்தார். லண்டன் கைஸ் மருத்துவமனையில் பயின்ற வாலஸ் ஃபாக்ஸ் என்ற அந்த டாக்டருக்கு அப்போது வயது சுமார் முப்பத்தைந்து. சேத்துப்பட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூட்டாக நிறுவிய காசநோய் மருந்து சிகிச்சை மையத்துக்கு அவர் பொறுப்பேற்றார். அங்கே டாக்டர்கள் மட்டும் இல்லை. கிருமி இயல் நிபுணர்கள், உயிர் வேதியியலார், எஸ். ராதாகிருஷ்ணா போன்ற புள்ளிவிவர நிபுணர்கள், வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

அவர்கள் எழுப்பிய வினா மிகவும் எளியது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்து, நல்ல காற்றும் பாலும் முட்டையும் ஓய்வும் கொடுத்துத்தான் குணமாக்க வேண்டுமா? குடிசையில், அரை வயிற்றுக் கஞ்சியுடன், வேலைக்கும் போய்க்கொண்டு மருந்து மட்டும் சாப்பிட்டால் போதாதா? நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டார்கள். இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. வீட்டில் இருப்பவர் மருந்தை ஒழுங்காக விழுங்குகிறாரா என்று அறிய ஊழியர்கள் முன்னறிவிப்பின்றிப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-ல் வெளியான முடிவின்படி, ஒப்பிடப்பட்ட 163 பேரில், ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வித்தியாசம் அற்பமே. நோயாளி வீட்டில் தங்கியதால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆராய்ச்சி ஒரு முக்கிய காரணம்.

இனி, மாணவர் கேட்ட கேள்விக்கு வருவோம்.

இந்தியாவில் பி.சி.ஜி. 1948-ல் தொடங்கியது. கிண்டியில் அதற்கான தயாரிப்புக் கூடம் அந்த ஆண்டிலேயே அமைந்தது. லட்சக்கணக்கான மக்களுக்கு ஊசி போடப்பட்டபோது, 1955-ல் ராஜாஜி அதைக் கடுமையாக எதிர்த்துச் சிறு நூல் ஒன்றே எழுதினார். உயிருள்ள கிருமியை, பயன் திட்டமாக நிரூபிக்கப்படாமல், இத்தனை பேரின் உடலில் செலுத்தலாமா என்பது அவர் வாதம். டாக்டர்கள் பலர் சினந்தார்கள். அவருடைய அச்சங்கள் பல ஆதாரமற்றவை. ஆனால் நிரூபணம் எங்கே என்று அவர் கேட்டதைப் புறக்கணிக்க முடியாது. ஏனெனில் நிரூபணம் உண்மையிலேயே குழப்பமாக இருந்தது. பிரிட்டனில் 1950-ல் தொடங்கி, பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர்களிடம் நடத்திய சோதனையில் ஏறத்தாழ 80 சதவீதப் பாதுகாப்பு. போர்ட்டோ ரிக்கோ தீவில் 31 சதவீதம். அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் வெறும் 14! ஒரே ஊசிக்கு ஊருக்கு ஒரு குணமா?

இதைத் தீர்த்து வைக்கத்தான், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், சென்னைக்கு மேற்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் திருவள்ளூரைச் சுற்றி, உலகிலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை 1968 ஜூலையில் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து கொண்டன. 209 பஞ்சாயத்துகள், திருவள்ளூர் நகரில் 9 பகுதிகள். களத்தில் இறங்கிய டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் முதல் வேலை வைத்தியமன்று, குடிமதிப்பு! வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், ஒவ்வொருவரின் வயது, உறவு முறை எல்லாம் பதிவாயின. பிறகு ஒவ்வொருவருக்கும் முன்கையில் டியூபர்குலின் சோதனை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே. படத்தில் சந்தேகம் தோன்றினால் சளிப் பரிசோதனை. அதன் பின்னரே ஊசி.

ஊசி மூன்று வகை. அதிக அளவு பி.சி.ஜி., அதில் பத்தில் ஒரு பங்கு பி.சி.ஜி., மருந்தே இல்லாத வெற்று ஊசி. பி.சி.ஜி.யிலும் பிரெஞ்சு வகை, டேனிஷ் வகை என்று இரண்டு. யாருக்கு எது என்பது குலுக்கல். போடுபவருக்கும் தெரியாது, போட்டுக் கொள்பவருக்கும் தெரியாது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு மருந்தும் தம்பிக்கு வெற்று ஊசியும் போயிருக்கலாம். 1971 மார்ச்சில் இந்தக் கட்டம் முடிந்தபோது குலுக்கலில் சேர்ந்தவர்கள் 2,81,161 பேர்.

இத்தனை பேர் எதற்கு என்று தோன்றுகிறதல்லவா? இங்கே என் பாடத்துக்குச் சற்று இடம் கொடுங்கள். கதிரியக்கப் பொருளின் முன் கைகர் எண்ணியை வைத்து ஒரு நிமிடம் எண்ணினால் 100 வருகிறது என்று கொள்வோம். அடுத்த நிமிடம் எண்ணினால் 93 வரலாம், 108 வரலாம். தற்செயலின் ஆட்டம் ஏறத்தாழ எண்ணிக்கையின் வர்க்க மூலம், 100-க்கு 10. எண்ணிக்கை 4 மட்டுமே என்றால் ஆட்டம் 2, அதாவது பாதி! அத்தகைய அளவீட்டை நம்பி எதையும் சொல்ல முடியாது. நோயும் அப்படித்தான். திருவள்ளூரில் சேர்ந்தவர்களில், முன்பே கிருமி தொற்றாதவர்கள் என்று டியூபர்குலின் சோதனை காட்டியவர்களும் மார்புப் படத்தில் குறையில்லாதவர்களுமாக 1,09,873 பேர் இருந்தார்கள். இவர்களிடம்தான் ஊசியின் குணத்தைக் காண முடியும். பதினைந்து ஆண்டுகளில் இவர்களுள் நிச்சயமான காசநோய் கண்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 560 பேர். லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துத் தொடங்கினால்தான் நம்பத்தக்க ஒரு 560 கிடைக்கிறது. சிறிய ஊரை எடுத்திருந்தால் எல்லாம் தற்செயலில் கரைந்து போயிருக்கும்.

இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் கிராமங்களுக்கும் திரும்பத் திரும்பச் சென்றார்கள். ஏழரை ஆண்டுகள் கழிந்தபின் ரகசியக் குறிகளை உடைத்துக் கணக்கிட்டார்கள். 1979-ல் வெளியான முடிவு: சளியில் கிருமி காணும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி.யின் பாதுகாப்பு பூஜ்யம். ஊசி போட்டவர்களுக்கும் வெற்று ஊசி போட்டவர்களுக்கும் வேறுபாடு இல்லை.

மருந்து கெட்டுப் போயிருந்ததா என்று உடனே சந்தேகம் எழுந்தது. இல்லை, ஊசி போட்ட இரண்டரை மாதத்தில் டியூபர்குலின் சோதனையில் தோல் நன்றாகவே தடித்திருந்தது. குலுக்கலில் பிழையா? அதுவும் இல்லை. நிபுணர் குழுக்கள் கூடிச் சோதனையின் ஒவ்வோர் அங்கத்தையும் துருவிப் பார்த்தன. செய்முறையில் குறை காணப்படவில்லை.

பௌதிக மாணவர்கள் மைக்கல்சன்–மார்லி சோதனையை அறிவார்கள். ஈதரைத் தேடிப் போனவர்களுக்குப் பூஜ்யம் கிடைத்தது. அந்தப் பூஜ்யத்தைப் பௌதிகம் கொண்டாடுகிறது. ஆனால் மருத்துவத்தில் பூஜ்யம் கிடைத்தால் கொண்டாட யாருக்கு மனம் வரும்? பத்தாண்டுக் காலம் வெயிலில் கிராமம் கிராமமாக அலைந்த டாக்டர்கள், தாங்களே நம்பிய ஓர் ஊசியைப் பற்றி, தங்கள் நாட்டு அரசு கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்டு வந்த ஊசியைப் பற்றி, அது உதவவில்லை என்று எழுத நேர்ந்தது. மறைக்காமல் எழுதினார்கள். திட்டத்தை நடத்திய ஜி.வி.ஜே. பெய்லியின் பெயரிலேயே விரிவான அறிக்கை 1980-ல் வந்தது. இந்த நேர்மை நம்மவர்களால் போதிய அளவு பாராட்டப்படவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

காரணம் என்ன? பல ஊகங்கள் உண்டு. தென்னிந்திய நோயாளிகளிடம் கிடைத்த காசநோய்க் கிருமிகளில் பல, கினி எலிகளிடம் வலிமை குறைந்தவையாக இருந்ததை டெனிஸ் மிட்சிசன் முன்பே கண்டிருந்தார். அது ஒரு காரணமாகலாம் என்றார்கள் சிலர். பலரும் ஏற்கும் விளக்கம் நம் மண்ணையும் நீரையும் பற்றியது. காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் போன்ற பல கிருமிகள், வெப்ப நாடுகளின் மண்ணிலும் குளத்து நீரிலும் ஏராளமாக வாழ்கின்றன. அவை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. திருவள்ளூர்ப் பகுதியில் அத்தகைய கிருமி ஒன்றிலிருந்து எடுத்த பொருளால் தோல் சோதனை செய்தபோது, சிறுவர்கள் வளர்ந்து பெரியவர்களாவதற்குள் மிகப் பெரும்பாலோர் அவற்றோடு பழகிவிட்டிருந்தது தெரிந்தது. அவற்றால் உடலுக்குக் கிடைத்த சிறிதளவு எதிர்ப்புச் சக்திக்கு மேல் பி.சி.ஜி.யால் எதையும் சேர்க்க முடியவில்லை. அல்லது, முன்பே பழகிய உடல், பி.சி.ஜி. கிருமி பெருகிப் பாடம் கற்பிப்பதற்கு முன்பே அதை அழித்துவிட்டது. லண்டன் மாணவனின் உடல் எழுதாத சிலேட்டு. செவ்வாப்பேட்டைச் சிறுவனின் சிலேட்டில் முன்பே யாரோ எழுதியிருந்தார்கள்.

பிறந்த குழந்தையின் சிலேட்டில் யாரும் எழுதியிருப்பதில்லை அல்லவா? மாணவரின் கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. திருவள்ளூர்ச் சோதனை தேடியது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும், சளியில் கிருமி காணும் நுரையீரல் நோயை. கைக்குழந்தைகளைக் கொல்லும் மூளை உறைக் காசநோயையும், உடலெங்கும் பரவும் காசநோயையும் அது அளக்கவில்லை. அளக்கும் வகையில் அது அமைக்கப்படவும் இல்லை. அவ்விரண்டையும் பி.சி.ஜி. பெருமளவு தடுக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. ஆகவே பிறந்த உடனே போடும் வழக்கம் நிலைத்தது. பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999-ல் வெளியானபோதும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதே உறுதியாயிற்று. குழந்தைகளுக்கு 27 சதவீதம் என்று வந்தது. ஆனால் தற்செயலின் ஆட்டத்தைக் கணக்கில் கொண்டால் அது 50 ஆகவும் இருக்கலாம், பூஜ்யத்துக்குக் கீழாகவும் இருக்கலாம்.

பூஜ்யத்தோடு கதை முடியவில்லை. அதே மக்களைத் தொழுநோய்க்காகவும் டாக்டர்கள் பரிசோதித்து வந்தார்கள். காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. பார்த்தால், காசநோயைத் தடுக்காத அதே ஊசி தொழுநோயை ஓரளவு தடுத்திருந்தது! இதைத் தொடர்ந்து தொழுநோய்த் தடுப்பு ஊசிக்கான பெரும் சோதனை ஒன்று நம் ஆவடியிலிருந்தே நடந்தது. ஆக்ராவிலுள்ள ஜால்மா தொழுநோய் நிறுவனத்தின் களப் பிரிவு ஆவடியில் இயங்கி வந்தது. டாக்டர் எம்.டி. குப்தேயின் தலைமையில் 1991-ல் ஊசி போடத் தொடங்கி, ஏறத்தாழ 1,71,400 பேருக்குப் போட்டார்கள். 1998-ல் கிடைத்த விடைகள்: பி.சி.ஜி. மட்டும் 34 சதவீதம். கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைச் சேர்த்த பி.சி.ஜி. 64, பம்பாயில் உருவாக்கிய ஐ.சி.ஆர்.சி. ஊசி 65.5, டெல்லியில் உருவாக்கிய எம்.டபிள்யூ. ஊசி 25.7. இதற்குள் கூட்டு மருந்து சிகிச்சையால் தொழுநோய் வேகமாகக் குறைந்துவிட்டதால், இந்த ஊசிகளைப் பெருவாரியாகப் போடும் தேவை எழவில்லை.

1999-ல் ஆவடிக் களப் பிரிவும், சேத்துப்பட்டு மையத்தில் பணியாற்றிய ராதாகிருஷ்ணா இயக்குநராக இருந்த மருத்துவப் புள்ளிவிவர ஆராய்ச்சி நிறுவனமும் ஒன்றாக இணைக்கப்பட்டன. நோயைத் தேடிச் சென்றவர்களும் அதை எண்ணிக் கணக்கிட்டவர்களும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். அதுவே தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இன்று இயங்கி வருகிறது. டாக்டர் பட்டம் பெற்றவர்கள் அங்கே வந்து, ஒரு நோயாளிக்குப் பதில் ஒரு மாவட்டத்தைப் பரிசோதிக்கக் கற்றுக் கொள்கிறார்கள். புட்லூர் மாணவரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். தம் பாட்டிக்குப் போட்டது மருந்தா, வெற்று ஊசியா என்று கேட்டார். அது அவர் பாட்டிக்கும் தெரிந்திராது. ஊசி போட்ட டாக்டருக்கும் தெரிந்திராது.